தனிக்குடித்தன நாட்குறிப்பு

ஜூன் 8

பெட்டிகள் எல்லாம் பிரித்தாகிவிட்டது. வீட்டு வேலை ஓய்ந்த பிறகுதான் உறைக்கிறது, இந்த ஊரில் நான் பேசுவதற்கு இருப்பது ஒரே ஓர் ஆள். அந்த ஆளும் இருட்டின பிறகுதான் வீடு திரும்புவார்.

ஜூன் 15

இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய பேச்சு முழுவதையும் கொட்டிவிடுகிறேன். இவருக்கோ அலுவலகத்தில் பேசிப் பேசி வாய் ஓய்ந்திருக்கும். "பத்து நிமிஷம் விடும்மா, அப்புறம் எல்லாம் கேக்குறேன்" என்றார். சுருக்கென்றது. ஆனால் கேட்டது நியாயம்தான். அக்காவிடம் சொல்ல வேண்டியது, தோழியிடம் புலம்ப வேண்டியது, அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியது எல்லாவற்றையும் ஒரே மனிதர் தலையில் இறக்கினால் அவரும்தான் என்ன செய்வார்? போனில் பழைய தோழிகள் இருக்கிறார்கள், சரி. நாள் முழுக்க போனிலேயே பழைய ஊரில் குடியிருந்தால் இந்த ஊருக்கு எப்போது வந்து சேர்வது?

ஜூன் 23

ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் 1950இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், திருமணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் ஆனார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். எங்களைப் போல இளம் ஜோடிகள். வீட்டையும் அவர்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை, காலியானது கிடைத்தது. அடுத்த கதவுக்காரரை நண்பராகச் சொன்னது 41 சதவீதம். அதே தளத்தில் ஒரு கோடியில் இருந்தவர் மறுகோடிக்காரரைச் சொன்னது 10 சதவீதம். நடுவில் இருந்த தூரம் வெறும் நாலு கதவு! மாடிப்படி அடியில் குடியிருந்தவர்களுக்கு மாடிவாசிகளோடும் சிநேகம். குணம், ரசனை எல்லாம் பிறகு. முதலில் கண்ணில் பட வேண்டும்.

எங்கள் வீடு தாழ்வாரத்தின் கடைசி. சத்தம் இருக்காது என்று ஆசைப்பட்டு எடுத்தது. இனிமேல் லிஃப்ட் வேண்டாம், படியிலேயே ஏறி இறங்குவது என்று முடிவு.

ஜூலை 6

இவரின் அலுவலக நண்பர் மனைவியோடு வந்திருந்தார். ஆண்கள் இருவரும் வந்த நிமிடமே ஒட்டிக்கொண்டார்கள். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் பேச்சு நகரவே இல்லை. நல்ல பெண்தான். இருவருமே மாறி மாறிக் கடிகாரத்தைப் பார்த்தோம், அதில் மட்டும் ஒற்றுமை.

ஜோடிக்கு ஜோடி சிநேகம் என்பது கணக்கிலேயே கஷ்டம். எனக்கு அவர்கள் இருவரையும் பிடிக்க வேண்டும், இவருக்கும் பிடிக்க வேண்டும். நாலு முடிச்சு, அவர்கள் பக்கமிருந்தும் ஒவ்வொன்றும் இறுக வேண்டும். எல்லாம் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று புதுமணத் தம்பதிகளுக்கு யார் சட்டம் போட்டது? "ஞாயிற்றுக்கிழமை நீங்க மட்டும் அவரோட விளையாடப் போயிட்டு வாங்க" என்றேன். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கொஞ்சம் மறைத்திருக்கலாம்.

ஜூலை 13

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் வாசகர் வட்டம் கூடுகிறது. சேர்ந்துவிட்டேன்.

ஜூலை 27

ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் ஒரு கணக்குச் சொன்னார்: அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வட்டம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அப்படியானால் சாதாரண நட்புக்கே அரை வருடம், நெருக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். இவரிடம் சொன்னேன். "அதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபரே வந்துடும்" என்றார்.

சேர்ந்து வேலை பார்க்கும் நேரத்தைவிட, சும்மா அரட்டை அடிக்கும் நேரத்துக்குத்தான் பலன் அதிகமாம். அதனால் கூட்டம் கலைந்ததும் ஓடி வராமல், வாசலில் நின்று பேசுபவர்களோடு நானும் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 10

வட்டத்தில் ஒரு அக்கா தானாகவே என் எண்ணைக் கேட்டு வாங்கினார். போன வாரம் அவரிடம் அதிகம் பேசிவிட்டேனோ என்று உறுத்திக்கொண்டிருந்தது. நமக்கு எதிராளியைப் பிடித்த அளவுக்கு அவருக்கு நம்மைப் பிடித்திருக்காது என்று பலரும் குறைத்தே கணிக்கிறார்கள் என 2018இல் வந்த இன்னோர் ஆய்வும் சொல்கிறது. படித்தபோது நம்பவில்லை.

ஆகஸ்ட் 17

நாளை அக்காவோடும் வட்டத்தில் இன்னும் இருவரோடும் வெளியே போகிறேன். இவர் விளையாடப் போகிறார். யார் முதலில் திரும்புவோம் என்று தெரியாது. வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி; இன்னொன்று செய்யக் கொடுக்க வேண்டும்.