கம்பி ட்ரேஸ்: முடிச்சும் முறுக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் தூண்டில் போடும் நம்மவர்கள் பலருக்குப் புரட்டாசி ஓய்வு மாதம். விரதம் இருக்கும் வீட்டில் மீன் சமைப்பதில்லை. விரதம் முடிவதற்குள் அக்டோபர் 1 வந்துவிடும். அன்றிலிருந்து நவம்பர் 30 வரை ஷாட் (shad) என்னும் மீனைப் பிடிக்கச் சட்டப்படி தடை. டிசம்பரில் மறுபடி திறக்கும் ஷாட்டுக்கும், கோடையில் வரும் கூட்டாவுக்கும் (தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்று விற்கும் அதே மீன்தான்) வேண்டிய கம்பி ட்ரேஸ்களை (தூண்டில் நரம்புக்கும் கொக்கிக்கும் இடையே கட்டும் கம்பித் துண்டுகளை) இந்த இடைவெளியில்தான் நான் செய்து வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மீனுக்கும் பல் கத்தி. கூட்டா பாய்ந்து வரும் வேகத்தில் நைலான் நரம்பு எத்தனை தடிமனாக இருந்தாலும் ஒரே கடியில் அறுந்துவிடக்கூடும். ஆகவே கொக்கிக்கு மேலே கொஞ்சம் கம்பி தேவைப்படுகிறது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கம்பி நீள நீள மீன் சந்தேகப்படும், இரையும் விறைத்துப்போய் உயிரில்லாமல் நகரும். ஷாட்டுக்கு ஒரு சாண் கம்பியே அதிகம் என்பது என் கணக்கு. கூட்டாவுக்கு முழங்கை நீளம் வரை போகலாம்.

கடையில் பியானோ வயர் என்று கேட்டால் தருவது ஒற்றைப் புரிக் கம்பி. 5-ஆம் எண் கம்பி சுமார் 20 கிலோ இழுவையைத் தாங்கும், 7-ஆம் எண் சுமார் 31 கிலோ. இந்தக் கம்பியில் முடிச்சே போடக்கூடாது. நைலான் முடிச்சு இறுகும்போது நரம்பு நசுங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. கடினமாக இழுத்துச் செய்த எஃகுக் கம்பி நசுங்குவதில்லை, வளைந்த இடத்தில் மடிந்து பலம் இழக்கிறது, அங்கேயே ஒடிகிறது. அலுமினியக் குழாயை மாட்டி நசுக்கும் கிரிம்ப்பும் இதற்கு உதவாது. வழவழப்பான ஒற்றைக் கம்பி அதற்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்படிச் செய்த ட்ரேஸ்களைப் பளபளப்பான பையில் போட்டு விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒற்றைப் புரிக்கு உரியது ஹேவயர் முறுக்கு. கம்பியைக் கொக்கியின் கண்ணில் நுழைத்து, இரு பகுதிகளையும் பெருக்கல் குறிபோல அகலமாகக் குறுக்கே வைத்து, வளையத்தைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, கயிறு திரிக்கும்போது இரு புரியும் சமமாகச் சுற்றுவதுபோல இரண்டையும் சேர்த்து முறுக்க வேண்டும். நான்கைந்து முறுக்கு போதும். பிறகு நீளக் கம்பியை நேராக வைத்து, மிச்ச முனையை மட்டும் அதற்குச் செங்குத்தாக மடக்கி, இடைவெளி இல்லாமல் நெருக்கமாக ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். இந்த நெருக்கச் சுற்று முறுக்கு அவிழாமல் காவல் காக்கிறது, அவ்வளவே. இழுவையைத் தாங்குவது முதலில் போட்ட முறுக்குதான்.

என் தங்கை மகன் இதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது கேட்ட முதல் கேள்வி, "மாமா, மொத்தம் எத்தனை சுற்று?" என்பதுதான். எண்ணிக்கையை விட்டுவிட்டு அவன் செய்திருந்த முறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு கம்பி கோடு போட்டதுபோல நேராக நிற்க, மற்றது அதன்மேல் கொடியாகப் படர்ந்திருந்தது. வளையத்தைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து இழுத்தோம்; சுற்றெல்லாம் அப்படியே இருக்க, வளையம் மட்டும் சுருங்கி ஆணியை இறுக்கியது. இரு கம்பியும் சமமாக வளைந்திருந்தால் ஒன்றின் வளைவு மற்றதைப் பூட்டிக்கொள்ளும்; நேராக நிற்கும் கம்பியில் பூட்டுவதற்கு ஏதுமில்லை. குறுக்குக் கோணத்தை அகலமாக வைத்திருந்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது.

மிஞ்சிய முனையைக் கட்டிங் பிளேயரால் வெட்டாதீர்கள். வெட்டினால் ஊசிபோல ஒரு பிசிறு நிற்கும். மீனைப் பிடித்துத் தூக்கும்போது விரலைக் கிழிப்பது அதுதான். முனையின் கடைசிப் பகுதியைக் கைப்பிடிபோல மடக்கி, நீளக் கம்பிக்கு இணையாக முன்னும் பின்னும் ஆட்டினால், கடைசிச் சுற்றோடு ஒட்டி ஒடிந்து விழும். விரலால் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படக்கூடாது.

முடிச்சுதான் வேண்டும் என்பவர்களுக்கு 7 புரி அல்லது 49 புரி கொண்ட மெல்லிய பின்னல் கம்பி இருக்கிறது. இதற்கு எட்டு வடிவ முடிச்சு: முனையைக் கொக்கிக் கண்ணில் நுழைத்து, நீளக் கம்பியின் பின்னால் சுற்றி, கண்ணுக்கு முன்னால் உண்டான வளையத்துக்குள் திரும்ப விட வேண்டும். இறுக்கும்போது நீளக் கம்பியை இழுத்தால் அது சுருண்டுபோகும். குட்டை முனையை மட்டும் குறட்டால் பிடித்து மெதுவாக இழுத்தால் கம்பி நேராகவே நிற்கும். கிரிம்ப்பும் இந்தப் பின்னல் கம்பிக்குத்தான் பொருந்தும்.

நைலான் நரம்போடு இணைக்க ஆல்பிரைட் முடிச்சு நல்லது. கம்பியின் முனையை ஒடுக்கமாக மடித்து, அந்த மடிப்புக்குள் நரம்பை விட்டுப் பத்துச் சுற்று சுற்றி, உள்ளே போன பக்கமாகவே வெளியே எடுத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். இணைப்பில் ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு உலோக இணைப்பு) போடுகிறவர்கள் கறுப்பு நிறத்தில் சிறியதாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. மின்னும் பித்தளையை இரை என்று எண்ணிக் கூட்டா அதையே கடிக்க, கம்பிக்கு மேலே நரம்பு அறுந்துபோகும்.

கூட்டா பெரும்பாலும் இரையின் பின்பாதியைத்தான் வெட்டுகிறது என்பதால், முன்கொக்கியிலிருந்து இன்னொரு துண்டுக் கம்பியில் மூன்று முள் கொக்கியைப் பின்னால் தொங்கவிடுவது இங்கே வழக்கம். அந்தத் துண்டின் இரு முனையிலும் ஹேவயர் முறுக்கே போட வேண்டும். வளையம் சற்று நீள்வட்டமாகத் தளர்ந்திருந்தால் கொக்கி தாராளமாக ஆடும், உயிரிரையும் தடையின்றி நீந்தும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பியை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய சுருளாக இருந்தால் நீவி நேராக்கிக்கொள்ளலாம். கூர்மையாக மடிந்த இடம் ஒன்று தட்டுப்பட்டால், அதைக் குறட்டால் நிமிர்த்துவதில் பயனில்லை. நிமிர்த்த நிமிர்த்த அந்த இடம் இன்னும் கடினமாகி வெடிக்கும். கொக்கியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கம்பியைச் சுருட்டி மூடியுள்ள பாட்டிலில் போட்டுவிட்டு, புதியதை மாட்டுவதே வழி.