முதலில் மாவு, அப்புறம் பென்சில்

பேத்திக்கு 4 வயது. பென்சிலைக் கொடுத்தால் உலக்கை மாதிரி ஐந்து விரலாலும் பிடிக்கிறாள். சரி, இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்துவிட்டு, சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்தேன். உருட்டுவாள், நீட்டுவாள், கிள்ளிக் கிள்ளி வைப்பாள். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்கின்றன. பென்சிலுக்கும் அந்தப் பிடிதானே வேண்டும்?

எழுத்தை ‘அ’வில் தொடங்கவில்லை, அதில் சுழியும் வளைவும் அதிகம். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி முதலில் ‘ட’, ‘ப’. நேர்கோடுகள் மட்டும். ‘ம’வில் வளைவு வந்ததும் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். விரல் ஓடும்போதே “ப, படம், பட்டம்” என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். ரவை வீணாகிறதே என்று மருமகளுக்குக் கவலை. சலித்து டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். உப்புமாவுக்கு அதைத் தொடுவதில்லை!