ஹார்ட், ஹார்ட்லி

திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னதில் ஒரு பெண், ‘மை மதர் ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று எழுதியிருந்தாள். அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். விடியுமுன்னே போய் மொட்டாக எடுத்தால்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரும். அப்படி உழைக்கிறவரைப் பற்றி, ‘அம்மா வேலையே செய்வதில்லை’ என்கிற மாதிரி மகளே எழுதியிருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழில் பெரும்பாலும் ‘ஆக’ சேர்த்தால் வினையடை வந்துவிடும். வேகம், வேகமாக. கடினம், கடினமாக. வகுப்பில் நானும் ‘எல்-ஒய் வந்தா அட்வெர்ப்’ என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிள்ளைகள் அந்த எல்-ஒய்யை நம்முடைய ‘ஆக’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்லோ ஸ்லோலி ஆகும்போது ஃபாஸ்ட் ஏன் ஃபாஸ்ட்லி ஆகாது? ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதத்தான் செய்கிறார்கள்.

காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே பெயரடையின் கடைசியில் ‘எ’ என்று ஓர் ஒலியைச் சேர்த்தும் வினையடை ஆக்கினார்கள். காலப்போக்கில் அந்த ஒலி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. அதனால்தான் ஹார்ட், ஃபாஸ்ட் இரண்டும் பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே உருவில் நிற்கின்றன. ஹார்ட்லிக்கும் முன்பு ‘பலமாக’, ‘சிரமப்பட்டு’ என்றெல்லாம் பொருள் இருந்தது. சிரமப்பட்டு நடப்பது என்பது மெல்ல மெல்ல ‘அநேகமாக நடப்பதில்லை’ என்று மாறிப்போனது. சில நூற்றாண்டுகளுக்கு முன்பு என்றால் அந்தப் பெண்ணின் வரி ஏறக்குறைய சரி.

இதன் மறுபக்கம் ஃப்ரெண்ட்லி, லவ்லி, அக்லி. எல்-ஒய் இருந்தும் மூன்றும் பெயரடைகள். ‘ஹி டாக்ஸ் ஃப்ரெண்ட்லி’ என்று எழுதிவிட்டு, எல்-ஒய் இருக்கிறதே சார் என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, விதி நான் கொடுத்தது.

குட், வெல் குழப்பம்தான் சீக்கிரம் தீரும். அதற்கு நம் பேச்சே போதும். ‘அவ நல்ல பாடுறாளா, நல்லா பாடுறாளா?’ என்று கேட்டால் வகுப்பே ‘நல்லா’ என்று கத்தும். ஒரு கால்தான் வித்தியாசம், காது அதைப் பிடித்துக்கொள்கிறது. வெல் என்பது அந்த ‘நல்லா’ என்றால் போதும், பெரும்பாலும் மறக்க மாட்டார்கள்.

அன்று விதியைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அவள் வரியைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று தமிழில் சொன்னேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. ‘இல்ல சார், அம்மா ரொம்பக் கஷ்டப்படுவாங்க’ என்று அவளே எழுந்து சொன்னாள். ‘அப்போ எப்படி எழுதணும்?’ கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். பிறகு வந்து ஹார்ட்லியை அழித்துவிட்டு, ‘வொர்க்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்ட்’ என்று எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைக்காமல் கேட்டாள்: ‘சார், அப்போ லேட், லேட்லி?’