மூடியில் வெண்ணெய்: ஒரு குன்னூர் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025

மாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, பர்லியாரைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தை விட்டு மேலே நகரத் தொடங்கியது. வண்டி அப்பா விட்டுச் சென்ற 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2. அந்த வெப்பமானியும் அவர் பிற்பாடு தம் கையால் பொருத்தியதுதான். இரண்டு இடங்களில் நிறுத்தி ஆறவைத்து வீடு வந்து சேர்ந்தேன். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் குறைந்திருந்தது. ஹோஸ், பம்ப், ஹீட்டர் வால்வு எங்கும் ஒழுகிய தடம் இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் இரவு வந்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தில் அப்பியிருந்த வெண்ணெய் போன்ற படிவத்தை விரலால் வழித்துக் காட்டினார். "ஹெட் பேக்கிங் போயிடுச்சுங்க. நாளைக்கே ஹெட்டை இறக்கிடலாம்" என்றார். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழேயுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடுதான் பேக்கிங். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 5

அந்த வெண்ணெயைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி ஆயிலோடு கலந்தால் இப்படி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மலைக்குளிரில், வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கும் திரும்பவும் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. உள்ளே சேரும் நீராவி, எல்லாவற்றிலும் குளிர்ந்த இடமாகிய மூடியில் போய்ப் படிந்து அதே வெண்ணெயாகிறது. ஊட்டியில் விடியற்காலைப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் மாதம் இது. ஆகவே மூடியை மட்டும் சாட்சியாக வைத்து எஞ்சினைப் பிரிக்க எனக்கு மனமில்லை.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இரவு முழுதும் நின்ற வண்டியில் அது எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் தங்கியிருக்கும். காலையில் எஞ்சினைத் தொடாமல், அடியிலுள்ள டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி முதலில் கசிந்ததைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தேன். வந்தது ஆயில் மட்டுமே.

ஜனவரி 6

பேக்கிங் போனதற்கு இன்னொரு அடையாளமாகச் சொல்லப்படும் வெள்ளைப் புகைக்கும் இதே நிலைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அது குளிர்ந்த சைலன்சர் வழியாக வெளியேறும்போது வெண்மையாகத் தெரியாமல் இருந்தால்தான் வியப்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் விடாமல் வந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது.

ஜனவரி 8

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் கிடைத்தது. முதலில் வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியை 15 தௌ (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தேன். இடைவெளி குறைந்த டேப்பட் வால்வை முழுதாக மூடவிடாமல் பொய்க்கணக்குக் காட்டும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டராகச் சுழற்றிப் பார்த்தோம். முன்னிருந்து வரிசையாக 112, 110, 78, 74 பி.எஸ்.ஐ. காட்டியது.

அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "நாலுமே போச்சுங்க, 140 வரணும்" என்றார். அது சமவெளிக் கணக்கு. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டர் உறிஞ்சும் காற்று குறைவதால், கடல்மட்டத்தில் 140 காட்டும் எஞ்சின் இங்கே 112-ஐ ஒட்டியே காட்டும். ஆகவே முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், சமவெளிக் கணக்கை வைத்துக்கொண்டு நல்ல எஞ்சின்களை மலையில் பிரித்துப் போட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பின்னிரண்டின் கதை வேறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே அளவுக்கு இறங்கியிருப்பது, இடையிலுள்ள பேக்கிங்கை நோக்கி விரல் நீட்டுகிறது. இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்ததில் 82, 78; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு இன்னும் நன்றாக ஏறியிருக்கும்.

ஜனவரி 9

காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். பம்ப் சுழன்றால் அதுவே நீரைக் கலக்கிக் குமிழி எழுப்பும். ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிடும்படி ஓட்டினேன். தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே சிறு குமிழிகள் சீராக வந்தன, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது பெருகின. குளிர்ந்த நீரில் வரும் குமிழி கொதியால் வருவதாக இருக்க முடியாது; சிலிண்டரின் வாயு நீருக்குள் கசிகிறது.

ஜனவரி 11

இன்றைய சோதனை எல்லாவற்றிலும் மேலானது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்தக் கூட்டில் டயர் வால்வைப் பற்றவைத்து, பஞ்சர் கடையின் கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் சிலிண்டருக்குள் அனுப்பினோம். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்தி, வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம்.

காற்று எங்கே தப்புகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடித் துளையில் என்றால் ரிங் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் சீற்றம் கார்புரேட்டரிலிருந்து வந்தது. அண்ணன் உடனே வால்வு என்றார். நான்காம் சிலிண்டரில் பிளக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் கார்புரேட்டர் ஓசை அடங்கி, நான்காம் பிளக் துளையிலிருந்து காற்று பீறிட்டது. துளையை விரலால் அடைத்தால் மீண்டும் கார்புரேட்டரில் சீறியது.

காரணம் இந்த எஞ்சினின் எரி வரிசை. சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிவதால், மூன்று கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது நான்கு அதன் கீழ்நிலையில், இன்லெட் வால்வு இன்னும் முழுதாக மூடாத கட்டத்தில் இருக்கிறது. மூன்றிலிருந்து பேக்கிங் வழியாக நான்குக்குள் நுழைந்த காற்று, நான்கின் வால்வு வழியாகக் கார்புரேட்டருக்குப் போயிருக்கிறது. பக்கத்துப் பிளக்கைக் கழற்றாமல் இச்சோதனையைச் செய்தால் குற்றமற்ற வால்வின் மேல் பழி விழும். அண்ணன் தாமே விரலை வைத்தும் எடுத்தும் நாலைந்து முறை கேட்டார்.

ஜனவரி 12

ஹெட்டை இறக்கினோம். பதினொரு நட்டுகளையும் ஒரேயடியாகத் தளர்த்தாமல், ராக்கர் நட்டுகளோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். வால்வுகளை இயக்கும் புஷ்ராடு கம்பிகளை அட்டையில் எண்ணிட்ட துளைகளில் வரிசை மாறாமல் செருகிவைத்தேன். வார்ப்பிரும்பு ஹெட் ஆகையால் இருவர் தூக்க வேண்டியிருந்தது. பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; ஒட்டியிருந்ததை நனைத்துச் சுரண்டினோம், காற்றடித்து ஊதவில்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையே செப்புத் தகடு எரிந்து, கரிய தடம் ஒன்று குறுக்கே ஓடியது. அதன் ஒரு கிளை பக்கத்து நீர்த்துளைவரை எட்டியிருந்தது; காணாமல் போன தண்ணீரும் குளிர்ந்த நீரின் குமிழியும் அந்த வழிதான். மூலைக்கு மூலை நேர்விளிம்புத் தகட்டை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். பிளாக் நேராக இருந்தது. ஹெட்டிலோ பின்னிரண்டு சிலிண்டர்களின் பக்கத்தில் 0.10 மில்லிமீட்டர் தகடு தடையின்றி நுழைந்தது.

அண்ணன் முதல் நாள் சொன்ன முடிவு சரிதான். ஆனால் மூடியிலுள்ள வெண்ணெயை நம்பிப் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால், வளைந்த ஹெட் அப்படியே மேலேறியிருக்கும். அது ஏன் வளைந்தது என்றும் கேட்டிருக்க மாட்டோம்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறை திறந்தது. ஹெட்டைக் கொண்டு போய், அது நேராவதற்கு வேண்டிய அளவுக்குமேல் ஒரு இழைகூடச் சீவ வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டேன்.

ரேடியேட்டரையும் உடன் கொண்டு போயிருந்தேன். மேல் தொட்டியைப் பிரித்தபோது காரணம் கண்ணுக்கு முன் கிடந்தது: ஒரு பக்கத்துக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தன. ஊருக்குள் ஓடும்போது மீதிக் குழாய்களே போதும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் நெடுநேரம் இழுக்கும்போது போதாது. அழுத்தம் இல்லாத தண்ணீர் குன்னூரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டிய என் ரேடியேட்டர் மூடியின் ரப்பரோ காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்க்காமல் இத்தனை ஆண்டுகள் ஓட்டியது என் தவறு. குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, புது மூடியும் வாங்கினேன்.

ஜனவரி 19

பேக்கிங்கின் முன்பக்க, மேல்பக்கக் குறிகளைப் பார்த்து உட்காரவைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டின் வரிசைப்படி மூன்று சுற்றாக, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். டேப்பட்டை மறுபடி வைத்தோம். சூடேற்றியபின் கேஜில் 113, 112, 111, 112. அண்ணன் அந்த எண்களைத் தம் நோட்டில் எழுதி, பக்கத்தில் 'குன்னூர்' என்றும் குறித்துக்கொண்டார்.

ஜனவரி 23

கல்லாறுவரை இறங்கி ஏறினேன். பர்லியாரிலும் காட்டேரியிலும் முள் அசையவில்லை. மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்துவிட்டு, டேப்பட்டையும் சரிபார்க்க வேண்டும்.

ஜனவரி 24

தண்ணீர் விளிம்பிலேயே நிற்கிறது. மூன்று நட்டுகள் மட்டும் சற்றே திரும்பின. இந்த வாரம் மார்க்கெட்டுக்கு மட்டும் ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். ஆயில் மூடியைத் திறந்தேன்: உட்புறத்தில் அதே வெண்ணெய். துணியால் துடைத்துவிட்டு மூடியைத் திருகினேன்.