சரிவோடு இறங்கும் பார்கள்

அந்தக் கிராமத்தின் உருளைக்கிழங்குத் தோட்டங்களை முதன்முதலாகப் பார்த்த காலையில் என் குறிப்பேட்டில் எழுதிய வரி இது: “பார்கள் அனைத்தும் சரிவுக்குக் குறுக்கே போகாமல் சரிவோடு இறங்குகின்றன; உடனே மாற்ற வேண்டும்.” கிழங்கு நடுவதற்காக மண்ணை அணைத்துப் போடும் நீண்ட மேடுகளே பார்கள். பதினைந்து மாதம் கழித்து நான் அங்கிருந்து கிளம்பியபோதும் பெரும்பாலான பார்கள் சரிவோடுதான் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வரியை எழுதிய நாளில் எனக்குத் தெரியாமல் இருந்த காரணங்களைப் பற்றியும், அவற்றைப் பொறுமையாக எனக்குக் கற்றுத்தந்த கிராமத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

இந்தோனேசியாவின் நடு ஜாவாவில் வொனொசொபோ நகரிலிருந்து வடக்கே ஏறும் மலைச்சாலை, தம்பி என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தையும் கெஜாஜார் கடைத்தெருவையும் கடந்து, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே டியெங் பீடபூமியில் போய்ச் சேர்கிறது. தெய்வங்கள் உறையும் இடம் என்ற பொருள் தரும் ‘டி ஹியாங்’ என்பதே டியெங் ஆயிற்று என்பார்கள். ஜாவாவின் மிகப் பழைய கற்கோயில்களில் சேர்ந்த சிவன் கோயில்கள் அங்கே இருக்கின்றன. அர்ஜுனா, ஸ்ரீகண்டி, பீமா என்று மக்கள் பிற்காலத்தில் இட்ட பெயர்களால் அவை அறியப்படுகின்றன. பீமனின் பெயர் கொண்ட துக் பீமா லூகார் என்ற ஊற்றிலிருந்துதான் செராயு ஆறு புறப்பட்டுத் தென்மேற்கே ஓடி இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஆறுதான். பஞ்சார்நெகாராவுக்கு அருகே 1980களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட ம்ரிச்சா அணையின் நீர்த்தேக்கம், மேலேயுள்ள மலைத் தோட்டங்களிலிருந்து ஆறு சுமந்து வரும் வண்டலால் தூர்ந்துகொண்டே வருகிறது. தோட்டத்திலிருந்து எவ்வளவு மண் போகிறது என்று அளப்பதும், அதைக் குறைக்கும் வழிகளை விவசாயிகளோடு சேர்ந்து செய்து பார்ப்பதும் 2017 ஜூன் மாதத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைகள்.

அதற்கு முன் நீலகிரியில் பல ஆண்டுகள் உருளைக்கிழங்கு மண்ணோடுதான் என் பிழைப்பு. கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் உதகமண்டலத்தில் கண்டறியப்பட்டது. ஜாவாவில் அதே புழு 2003-இல் தென்பட்டது. குளிர், மூடுபனி, செங்குத்துச் சரிவு, ஈரத்தில் இலையைக் கருக்கும் பின்கருகல் நோய் எல்லாம் இரண்டு மலைகளுக்கும் பொது. டியெங்கின் கறுப்பு எரிமலை மண்ணைக் கையில் அள்ளியபோது பஞ்சுபோல் இலேசாக இருந்தது. பழகிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பும் அப்போதே எனக்குள் வந்துவிட்டது. அந்த நினைப்புதான் பின்னால் செய்த தவறுக்குக் காரணம்.

கிராமத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தகரக் கூரை போட்டு, மசூதியைச் சுற்றி ஒரே கொத்தாக நிற்கின்றன. குளிருக்கு அது ஒருவகைக் காப்பு. ஆனால் கிழங்கு நடக்கூடிய ஒரு சாண் நிலத்தையும் வீட்டுக்கு விடக்கூடாது என்பதுதான் முதற்காரணம் என்று சொன்னார்கள். கிராமத்துக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது பாதையோரம் அடுக்கிய கோழி எருச் சாக்குகளின் நெடி. அடுத்து, தோட்ட ஓரங்களில் குடைபோல் நிற்கும் காரிகா மரங்கள், மலைப்பப்பாளி எனலாம். அதன் பழத்தைப் பெண்கள் வீட்டிலேயே சீவி, சர்க்கரைப் பாகில் போட்டுப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். மக்காச்சோளச் சோறு உண்டும் புகையிலை பயிரிட்டும் வாழ்ந்த மலை இது. 1980களில் உருளைக்கிழங்கு பரவியதும் கல்வீடும் மோட்டார் சைக்கிளும் வந்தன. ஹஜ் பயணம் போய்வர முடிந்தது. கூடவே, மேற்சரிவுகளில் இருந்த மரங்கள் குறைந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் அந்தக் கிராமத்தைப் பற்றிப் பாதிதான் சொல்கிறார் என்பது என் கருத்து.

நான் தங்கியிருந்த வீட்டில் விருந்தினருக்கு இடம் அடுப்படியில்தான். மற்றக் கிராமங்களில் முன்கூடத்து நாற்காலியில் உட்காரவைக்கும் ஜாவானியர், டியெங்கின் குளிரில் வந்தவரை நேரே விறகடுப்பின் முன் சிறு பலகையில் உட்காரவைத்து, தம்பி தேயிலையில் போட்ட கட்டித் தேநீரும் புளிக்கவைத்த சோயாக் கட்டியை மாவில் தோய்த்துப் பொரித்த தெம்பே கெமுலும் தருகிறார்கள். வீட்டுக்காரரை நான் ‘பா(க்)’ என்றும் அவர் மனைவியை ‘பூ’ என்றும் அழைத்தேன். ஐயா, அம்மா என்பது போல. வயதில் இளையவனான என்னை அவர்கள் ‘மாஸ்’ என்றார்கள். அண்ணன் என்று பொருள்படும் சொல்லாயினும் மரியாதை வேண்டிய எந்த இளைஞரையும் அப்படித்தான் அழைப்பது. ஜாவானிய மொழியில் நெருங்கியவர்களோடு பேச ங்கோக்கோ என்றும், மதிப்புக்குரியவர்களோடு பேச க்ரோமோ என்றும் தனித்தனிச் சொற்களே உண்டு. க்ரோமோவில் ஒருவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது அரிது. நான் முன்வைத்த எல்லாவற்றுக்கும் ‘இங்கிஹ்’, அதாவது ‘ஆமாம்’ என்ற பதிலே வந்தது. அது கேட்டுக்கொண்டேன் என்பதன் அடையாளமே தவிரச் சம்மதம் அல்ல என்று விளங்கிக்கொள்ள எனக்கு மாதங்கள் ஆயின.

என் வேலைத்திட்டத்தில் மாதாந்தரக் கூட்டம் என்று எழுதியிருந்தேன். அவர்களுடைய விவசாயிகள் குழுவோ ‘செலாபன்’ கணக்கில் கூடுவது. ஏழு நாள் வாரமும், லெகி, பாஹிங், பொன், வாகே, க்ளிவோன் என்ற ஐந்து நாள் சந்தை வாரமும் ஒன்றோடொன்று சுழன்று 35 நாளுக்கு ஒருமுறை அதே சேர்க்கையில் வந்து நிற்கும். எங்கள் குழுவின் நாள் புதன் பொன். இரவுத் தொழுகை முடிந்ததும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஓதி, சேமிப்புப் பணம் எண்ணி, பிறகுதான் பயிர்ப்பேச்சு. நான் என் நாட்காட்டியை அடித்துத் திருத்திக்கொண்டேன்.

2017 நவம்பரில் மழை பிடித்தது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மலை அது. வீட்டுக்காரரிடம் கேட்டு, அவருடைய ஒரு துண்டு நிலத்தில் பார்களைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் போடவைத்தேன். நீர் நின்று ஊறும், மண் தங்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். ‘இங்கிஹ், மாஸ்’ என்றார். மற்றத் துண்டுகளில் வழக்கம்போலச் சரிவோடு இறங்கும் பார்கள்தான்.

ஜனவரியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிடாமல் தனியாகத் தோட்டத்துக்குப் போனதை அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுப் பின்னால் போனேன். குறுக்குச் சால்களில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. மேற்புறத்தில் ஒரு பார் உடைந்து, அதன் வேகத்தில் கீழே மூன்று பார்கள் சேர்ந்து உடைந்து, முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்திருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஒரு செடியின் அடியில் கைவிட்டுக் கிழங்கை எடுத்தார். தோல் அவர் விரலோடு கழன்று வந்தது. உள்ளே வெள்ளை கூழாகி, புளித்த வாடை வீசியது. அடுத்த செடியிலும் அப்படியே. அவர் எதுவும் சொல்லவில்லை. கையைப் புல்லில் துடைத்துவிட்டு, மண்வெட்டியால் நீருக்கு வழி வெட்டத் தொடங்கினார். நானும் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் துண்டுகளில், நான் தப்பு என்று எழுதிய பார்களுக்கிடையே தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கிழங்கு நன்றாக இருந்தது.

அன்று இரவு பூ தான் பேச்சைத் தொடங்கினார். கணக்கு நோட்டைக் கொண்டுவந்து வைத்து, விதைக்கு இவ்வளவு, கோழி எருவுக்கு இவ்வளவு, பூசணக்கொல்லிக்கு இவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் ‘மோடல்’ என்ற சொல் வந்தது. நம் ‘முதல்’ என்ற சொல்தான் கடல் கடந்து அங்கே மோடல் ஆகியிருக்கிறது. முதல் போட்டவரின் கவலையை அந்தச் சொல்லாலேயே கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தத் துண்டின் நட்டத்தைத் திட்டப் பணத்திலிருந்து ஈடுசெய்ய ஏற்பாடு செய்தேன். வாங்கிக்கொள்ளவே அவர்கள் தயங்கினார்கள்.

பிறகுதான் பா(க்) பேசினார். “மாஸ், தண்ணீர் ஓர் இரவு நின்றால் கிழங்கு போய்விடும். மண் முழுவதும் போக என் ஆயுள் ஆகும். கடன்காரரோ அறுவடை நாளிலேயே வந்து நிற்பார்.” ஒன்றின்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்தன. ஈரக்காற்று பாருக்கிடையே மேலிருந்து கீழே ஓடினால் இலையின் ஈரம் சீக்கிரம் காயும், பின்கருகல் குறையும். முதுகில் மருந்துத் தொட்டியோடு ஏறி இறங்குபவருக்குச் சரிவோடு போகும் சால் ஒரு படிக்கட்டு. அவர் உழும் நிலத்தில் ஒரு பகுதி ‘மரோ’, அதாவது விளைச்சலில் பாதியைத் தரும் வாரத்துக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலத்தில் படித்தளம் கட்ட எவருக்கும் கை வராது. இவை ஒன்றும் என் வினாப்பட்டியலில் இருக்கவில்லை. மண் போவது அவர்களுக்குத் தெரியாததால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். மண் போவதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. எரு மூட்டைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுவதில் அவர்கள் அதைக் கண்டுகொண்டிருந்தார்கள்.

அங்கே மண்ணைப் பற்றிய அறிவு உயிரோடு சம்பந்தப்பட்டது. 1979 பிப்ரவரி 20 அன்று பீடபூமியின் மேற்கே சினிலா எரிமலைவாய் வெடித்தபோது, ஊரைவிட்டு ஓடிய 149 பேர் வழியில் தேங்கியிருந்த கரியமில வாயுவில் இறந்தார்கள். அந்த நாளை நினைவில் வைத்திருந்த முதியவர் ஒருவர், காற்றில்லாத காலை நேரத்தில் பள்ளத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று என்னைத் தடுத்தார். மண்மாதிரி எடுக்கப் பள்ளங்களுக்குள் இறங்குவது என் அன்றாட வேலை என்பதால் அந்தச் சொல்லைக் கடைசிவரை கடைப்பிடித்தேன்.

அடுத்த சில செலாபன் கூட்டங்களில் என் திட்டத்தை அவர்கள் கையில் விட்டோம். பாரின் திசை மாறாது என்று முடிவாயிற்று. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கும் பாரை நடுவில் வெட்டி, அங்கே சற்றே சாய்வான வடிகால் போட்டு, தண்ணீரைத் தோட்ட ஓரத்துக்குத் திருப்புவது; சால்களின் கடைசியில் ‘ரோரக்’ என்னும் குழிகள் எடுத்து, வண்டல் அதில் தங்கும்படி செய்வது; படித்தள விளிம்பில் காரிகாவும் தீவனப் புல்லும் வைப்பது. புல்லுக்கு உடனே சம்மதம் கிடைத்தது. பல வீடுகளில் நெதர்லாந்தின் டெக்ஸல் இனத்தின் வழிவந்த, கம்பளி அடர்ந்த செம்மறிகள் இருந்தன. குழிக்குத்தான் தயக்கம்: குழி போகும் இடத்தில் நான்கைந்து செடி குறையும். எத்தனை செடி என்று எண்ணி, அவற்றின் விலையையும் தங்கும் மண்ணின் எரு மதிப்பையும் பூ தம் நோட்டிலேயே எழுதிப் பார்த்த பிறகு ஆறு குடும்பங்கள் முன்வந்தன.

2018 ஜூலையில் ‘எம்புன் உபாஸ்’ வந்தது. நச்சுப்பனி என்று பொருள். ஒரே இரவில் தட்டை நிலமெல்லாம் வெள்ளையாகி, வெயில் ஏறியதும் இலைகள் கருகித் தொங்கின. வெயிலுக்கு முன்பே உறைபனியைக் கழுவிவிட, இருட்டில் குழாயோடு தண்ணீர் அடிக்கக் கிராமமே இறங்கியது. கனத்த குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தங்கும் என்பதால், அதிகம் அழிந்தது கோயில்களைச் சுற்றிய சமதளத்தில். எங்கள் சரிவுகள் பெரும்பாலும் தப்பின. சரிவில் பயிர் செய்வதைக் குறை சொல்லும் அறிக்கைகள் பலவற்றை நான் படித்திருக்கிறேன், சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். சமதளத்தில் போட்ட முதலை ஓர் இரவில் இழந்தவருக்குச் சரிவு என்ன என்பதை அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை.

செப்டம்பரில், அடுத்த மழைக்கு முன், குழிகளைத் தூர்வாரினார்கள். நான் கிளம்ப நான்கு நாள் இருந்தது. பா(க்), அவர் மகன், அண்டை வீட்டார் இருவர் என்று முறைவைத்து, குழியில் தங்கிய கறுப்பு மண்ணை மூங்கில் கூடைகளில் அள்ளி, காவடித் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டு, சரிவின் உச்சிக்கு ஏறினார்கள். நானும் ஒரு தண்டை வாங்கித் தோளில் வைத்தேன். சால்தான் படிக்கட்டு, அதில் கால் வைத்து ஏறினால் வழுக்கவில்லை. உச்சியில் பூ நின்று, நாங்கள் கொட்டிய மண்ணைக் கையால் கட்டி உடைத்துப் பரப்பிக்கொண்டிருந்தார். எத்தனை கூடை என்று நோட்டில் கோடு போட்டு வந்தவர், எழுபதாவது கூடையில் நிறுத்தி, “இது போன மழையில் கீழே போக இருந்தது, மாஸ்” என்று சொல்லிவிட்டு, வெந்நீர்க் குடுவையைத் திறந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.