பத்து நிமிடப் பரிசோதனைக்கு ஐந்து நடை

கருப்பைவாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் முதற்கட்டப் பரிசோதனை, அதிகம் போனால் பத்து நிமிட வேலை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய நம் கடையில் விற்கும் வினிகரைத்தான், பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்திருந்து, வெள்ளைத் திட்டு ஏதும் தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். இந்தப் பத்து நிமிடத்துக்காகவும் அதன் தொடர்ச்சிக்காகவும் நான் ஐந்து முறை பேருந்து ஏறினேன். ஏழு வாரங்கள் சரியாகத் தூங்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்கு மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்தான் இதைத் தொடங்கி வைத்தார். "அக்கா, உங்களுக்கும் நாப்பத்தி நாலு ஆச்சு, ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வந்துருங்க" என்று சொல்லிச் சீட்டு ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் திண்ணையிலேயே பார்த்துவிட்டார்; இரண்டும் சரியாக இருந்தன.

முதல் நடை முழுக்க வீண். பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், இந்தப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அன்று முகாம் பணிக்குப் போயிருந்தார். வேறு யாரும் செய்ய மாட்டார்களாம். அடுத்து எப்போது வருவார் என்று கேட்டதற்கு, ஓ.பி. சீட்டுப் போடுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வந்து பாருங்கம்மா" என்றார். நாளைக்கும் அவர் இல்லை என்பது, நல்ல வேளையாக, தன்னார்வலரின் கைப்பேசி வழியே முன்கூட்டியே தெரிந்தது. ஆகவே போகுமுன் அந்தச் செவிலியர் பணியில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். இந்த இரண்டாவது செய்தியை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் காத்திருந்த ஒரு பெண்ணை அதற்காகவே திருப்பி அனுப்பியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நடையில் பரிசோதனை நடந்தது. அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, திரையும் பாதிதான் மறைத்தது. வாயைத் திறந்து கேட்ட பிறகு சிஸ்டர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து கட்டினார். கேட்டதால் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி இல்லை, கொஞ்சம் கூச்சம்தான். பிறகு அவர், "வெள்ளையா ஒரு திட்டுத் தெரியுதும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று பொருளில்லை, சாதாரண அழற்சியிலும் அது தெரியலாம், உருப்பெருக்கியால் கூர்ந்து பார்க்கும் கால்போஸ்கோப்பி செய்துதான் முடிவு சொல்ல முடியும் என்று அங்கேயே இரண்டு வரி சொல்லியிருந்தால், அன்று வீடு வரும் வழியெல்லாம் என் பெண்ணின் படிப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நடை, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசு மருத்துவமனைக்கு. கையிலிருந்த பரிந்துரைச் சீட்டில் செவிலியரின் கையெழுத்து இருந்தது, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லை. "இதை வெச்சுப் பதிய முடியாதும்மா, போய் சீல் வாங்கிட்டு வாங்க" என்றார் பதிவு எழுத்தர். கெஞ்சியும் பயனில்லை. அதைவிடக் கொடுமை, முத்திரை இருந்திருந்தாலும் அன்று பார்த்திருக்க மாட்டார்கள் என்பது. அங்கே கால்போஸ்கோப்பி செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே, நான் போனது புதன்கிழமை.

முத்திரையோடு நான்காம் நடை. மருத்துவர் பொறுமையாகப் பேசினார், சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார், பத்து நாள் கழித்து வரச் சொன்னார். ஐந்தாம் நடையில் முடிவுத்தாள் காணவில்லை. ஆதாரில் என் தலைப்பெழுத்து அப்பாவுடையது. பரிந்துரைச் சீட்டில் கணவருடையதை எழுதிவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பச் சொல்லி, தேதியை வைத்து நானே வரி வரியாகத் தேடி என் பெயரைக் கண்டுபிடித்தேன். நாள்பட்ட அழற்சி, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று எழுதியிருந்தது. எழுத்தர் சிரித்தார், நானும் சிரித்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். துணுக்கு எடுத்த அன்றே ஆய்வக எண்ணைக் கேட்டுக் கைப்பேசியில் படம் பிடித்துவைத்திருந்தால் இந்தத் தேடலே வேண்டியிருந்திருக்காது.

திட்டத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. இதே வினிகர் முறையை வைத்துத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வு, கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காட்டினர்தான், இந்திய அளவில் அது 1.9. நம்மை மெச்சிக்கொள்ள வேண்டிய எண் என்று சிலர் சொல்லக்கூடும். என் அரைநாள் விடுப்புகளை எண்ணிப் பார்த்தால், மீதி தொண்ணூறு பேர் ஏன் வரவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. கூலி வேலைக்குப் போகும் ஒருத்தி இரண்டாவது நடையோடு நின்றிருப்பாள், அவள் திட்டு என்னவானது என்று கேட்க ஆளிருந்திருக்காது. வாசல் வரை வருகிற திட்டம், வாசலைத் தாண்டி நாம் போகும்போது கையை விட்டுவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021 முதல், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். அது எங்கள் ஊர்த் தன்னார்வலரின் பையில் வந்து சேர்ந்தால், தாழ்ப்பாள் இல்லாத அறையும் முகாமுக்குப் போன செவிலியரும் ஒரு பொருட்டே இல்லை. முத்திரையும் தலைப்பெழுத்தும் அப்போதும் இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை என் ஓரகத்தி போகிறாள். செவிலியர் இருப்பதைக் கேட்டு உறுதிசெய்தாயிற்று, ஆதாரில் உள்ள பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று. திரைக்கென்று பழைய சேலை ஒன்றும் நான்கு துணிக் கிளிப்புகளும் அவளாகவே எடுத்து வைத்திருக்கிறாள்.