பாண் ஈஸ்ட்டும் காளானும்

உப்புவெளியில் மூன்று நாளாக மாரி மழை. காலையில் பார்த்தால் வேலியோரத்துப் பட்ட தென்னங்குற்றியில் காளான் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. சரி, பல நாளாகத் தலைக்குள் சுற்றுவதை எழுதிவிடலாம்.

காளான்களுக்குள் டெர்பீன் என்ற காபன் சேர்மங்களைச் செய்யும் நொதியங்கள் இருக்கின்றன. 15 காபன் உள்ள ஒரே சங்கிலியை எடுத்து, ஒவ்வொன்றும் தன் குழிக்குள் வெவ்வேறு விதமாக மடித்து வளையமாக்கும். மடிப்பு மாறினால் பொருளே வேறு. இருளில் ஒளிரும் ஓம்ஃபலோடஸ் காளானின் இலுடின் நஞ்சும் இப்படித்தான் பிறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஈஸ்ட்தான். பாணைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட், தன் மென்சவ்வுக்கு எர்கோஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருளைச் செய்யவேண்டி அந்தச் சங்கிலியை எப்படியும் செய்கிறது. காளானின் மரபணுவை உள்ளே வைத்து, எர்கோஸ்டெரோலுக்குப் போகும் வழியைக் கொஞ்சம் இறுக்கினால், சங்கிலி புது நொதியத்துக்குக் கிடைக்கும், காளானின் டெர்பீனை ஈஸ்ட்டே செய்துவிடும். ஆனால் காளான் மரபணுவில் இடையிடையே வெட்டி எறியவேண்டிய துண்டுகள் நிறைய. எங்கே வெட்டுவது என்று கணினி ஒரு இடத்தில் பிழையாகக் கணித்தாலே நொதியம் வேலைசெய்யாமல் போகலாம், அவ்வளவு உழைப்பும் வீண்.

தாவர மரபணுக்களை வைத்து இதே வழியில், மலேரியா மருந்துக்கான ஆர்ட்டெமிசினிக் அமிலத்தை லீட்டருக்கு 25 கிராம் வரை எடுத்ததை 2013இல் வெளியிட்டார்கள். மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த கதையை அம்மம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்கு அது பெரிய எண். அப்புறம், காளான் டெர்பீனான புளூரோமுட்டிலினிலிருந்து உருவான லெஃபாமுலின் என்ற மருந்து, நியூமோனியாவுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.